கூலன்ட்: நிறத்தைக் கேட்காதீர்கள், தண்ணீரைக் கேளுங்கள்

ஸ்பேர்ஸ் கடையில் போய் "கூலன்ட் ஒரு லிட்டர் கொடுங்க" என்றால் பதிலுக்கு வருகிற முதல் கேள்வி, "பச்சையா, பிங்க்கா, ப்ளூவா?" என்பதுதான். என்ன வண்டி, எந்த வருஷ மாடல், இப்போது உள்ளே என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்கிற கடைக்காரர் அபூர்வம். வாங்கப் போகிறவரும் அப்படித்தான்: ரிசர்வ் டேங்க்கில் பச்சையாகத் தெரிந்தது, அதனால் பச்சை. ஆனால் அந்த நிறம் வெறும் சாயம். இன்ஜின் சூட்டை இறக்க ஓடுகிற இந்தக் கூலன்ட்டின் அடிப்படைச் சரக்கான எத்திலீன் கிளைக்காலுக்கு நிறமே கிடையாது. ஒழுகினால் கண்ணில் படட்டும், யாரும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது, நம் கம்பெனிச் சரக்கு தனியாகத் தெரியட்டும் என்றுதான் சாயம் கலக்கிறார்கள். இந்த ரசாயனத்துக்கு இந்த நிறம் என்று உலகம் முழுக்க எல்லாரும் ஒத்துக்கொண்ட விதி எதுவும் இல்லை.

ஃபோக்ஸ்வாகனின் கூலன்ட்களில் ஜி11 என்பது நீலப்பச்சை, ஜி12 சிவப்பு, ஜி13 ஊதா. டொயோட்டாவில் பழைய கூலன்ட் சிவப்பு, நீண்டநாள் தாங்குகிற புதியது பிங்க். ஹோண்டா பச்சையிலிருந்து நீலத்துக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்கூல் ஆரஞ்சு. அதே காலத்தில் கிரைஸ்லர் விற்றதும் ஏறக்குறைய ஆரஞ்சுதான், ஆனால் இரண்டின் ரசாயனமும் வேறு. நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றில் மற்றதை ஊற்றினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒரே கம்பெனியின் கையேட்டுக்குள் மட்டும் நிறத்துக்கு அர்த்தம் உண்டு; சுசுகி கையேட்டில் பச்சைக்கு ஒரு மாற்றும் கணக்கு, நீலத்துக்கு அதைவிட நீண்ட கணக்கு என்று தெளிவாகவே போட்டிருப்பார்கள். அந்தக் கையேட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

உண்மையில் கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, இதில் இருக்கிற துருத்தடுப்பு எந்த வகை? இன்னொன்று, இதோடு என்ன தண்ணீர் சேரப்போகிறது? நம் ஊரைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் பெரிய கேள்வி, அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

முதலில் இது செய்கிற வேலை. இன்ஜினில் எரிகிற எரிபொருளின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடுகிற திரவம் வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய் விட வேண்டும். சூட்டை வாங்கிக்கொள்வதில் வெறும் தண்ணீரை அடிக்க ஆளில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். சுத்தமான எத்திலீன் கிளைக்காலுக்கு 2.4 அளவில்தான். அதாவது "தண்ணியே கலக்காம முழு கூலன்ட்டா ஊத்துங்க, வண்டி இன்னும் கூலா இருக்கும்" என்பது தலைகீழ்க் கணக்கு. கெட்டியான கூலன்ட் மட்டும் ஊற்றினால் வண்டி கூடுதலாகத்தான் சூடாகும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: சுத்தமான கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், ஆனால் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 37 வரை உறையாது.

அப்படியானால் தண்ணீரையே விட்டுவிடலாமே என்றால், தண்ணீருக்கு மூன்று கெட்ட குணங்கள். உறைகிறது, கொதிக்கிறது, துருப்பிடிக்க வைக்கிறது. குளிர்நாட்டுக்காரர்களுக்கு முதலாவதுதான் தலைவலி. தண்ணீர் பனிக்கட்டியானால் ஒன்பது சதவீதம் விரியும், இன்ஜின் பிளாக் வெடித்துவிடும். அதனால்தான் அவர்கள் இதை உறைவுத்தடுப்பு என்ற பெயரிலேயே விற்க ஆரம்பித்தார்கள். எத்திலீன் கிளைக்காலை பிரெஞ்சு வேதியியலர் உர்ட்ஸ் 1856-இலேயே செய்துவிட்டார், ஆனால் கார்களுக்கான உறைவுத்தடுப்பாக அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1920-களில்தான். அதற்கு முன்னால் மெத்தனால், கிளிசரின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றிப் பார்த்தார்கள். மெத்தனால் கொஞ்சம் சூடானாலே ஆவியாகிப் போய்விடும். நமக்கு இந்தக் கவலை கிடையாது என்று சொல்லிவிடலாம், ஊட்டியில் ஜனவரியில் புல்மேல் உறைபனி விழுந்தால்கூட. இதற்கு விலக்கு: நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்திலிருந்து காஷ்மீர் வரைக்கும் லோடு ஏற்றிப் போகிற லாரிகள். ஈரோட்டில் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பி ஜனவரியில் ஸ்ரீநகரில் இரவு நிறுத்திவிட்டுத் தூங்கப் போவது விளையாட்டல்ல.

நமக்குக் கொதிப்பும் துருவும்தான் பிரச்சினை. கொதிப்பில் பாதி வேலையை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரேடியேட்டர் மூடிதான் செய்கிறது. பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. மூடியின் மேலேயே 0.9, 1.1 என்று பார் (அழுத்த அளவு) கணக்கு அச்சடித்திருக்கும். ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் என்றால் 130-ஐ ஒட்டிப் போகும். மூடியின் ரப்பர் கெட்டு அழுத்தம் நிற்காமல் போனால் இந்த லாபம் முழுவதும் போச்சு. மலையேறும்போது இது பளிச்சென்று தெரியும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடும்போதே உள்ளே 90-க்கு மேல்தான் இருக்கும். ஆக, மூடி செத்துப்போன வண்டி, உள்ளே வெறும் தண்ணீர், முழு லோடு, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள் என்று எல்லாம் சேர்ந்தால் பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தச் சூழ்நிலையில் நாம் என்ன செய்கிறோம்? மூடியை விட்டுவிட்டு ரேடியேட்டரை மாற்றுகிறோம். மூடி சில நூறு ரூபாய்தான், முதலில் அதை மாற்றிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

இனி துரு. இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு இன்ஜினின் தண்ணீர்ப் பாதையில் வார்ப்பிரும்பு இருக்கும், அலுமினிய ஹெட் இருக்கும், ஸ்டீல் இருக்கும், பழைய வண்டி என்றால் செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும் இருக்கும். இத்தனை உலோகங்களை ஒரே திரவத்தில் முக்கிச் சூடாக்கினால் ஒன்றை ஒன்று அரிக்கத் தொடங்கும், பெரும்பாலும் அடி வாங்குவது அலுமினியம். போதாததற்கு, கிளைக்காலே சூட்டில் நாளாவட்டத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாக மாறும். இதையெல்லாம் தடுக்கத்தான் கூலன்ட்டில் சில சதவீதம் மட்டும் சேர்க்கிற துருத்தடுப்பு ரசாயனங்கள். கூலன்ட் "தீர்ந்துபோவது" என்றால் இவை தீர்ந்துபோவதுதான். கிளைக்கால் அப்படியே இருக்கும், நிறமும் அப்படியே இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. எட்டு வருஷம் ஆன கூலன்ட் பார்க்கப் பளபளவென்று பச்சையாக இருப்பதில் ஏமாறாதீர்கள்.

இந்தத் தடுப்பு ரசாயனங்களில் பழைய வகை, சிலிகேட், பாஸ்பேட், போரேட், நைட்ரைட் போன்ற உப்புகள். ஐஏடி என்பார்கள். உலோகத்தின்மேல் சட்டென்று ஒரு படலமாகப் படிந்து காக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு வருஷம், அல்லது 40, 50 ஆயிரம் கிலோமீட்டர், அவ்வளவுதான். அடுத்து வந்தது கரிம அமில வகை, ஓஏடி. இது எங்கே அரிப்பு ஆரம்பிக்கிறதோ அங்கே மட்டும் போய் வேலை செய்யும், அதனால் மெதுவாகத்தான் செலவாகும், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் தாங்கும். மூன்றாவது, இரண்டையும் கலந்த ஹைபிரிட் வகை. இந்த ஹைபிரிட்டில் ஜப்பான்காரர்களும் ஐரோப்பியர்களும் எதிரெதிர்த் திசையில் போனார்கள், காரணம் அவரவர் ஊர்த் தண்ணீர்.

ஐரோப்பாவின் பல பகுதிகளில் சுண்ணாம்புப்பாறை, தண்ணீர் கடினநீர். அதில் பாஸ்பேட் சேர்ந்தால் கால்சியம், மக்னீசியத்தோடு பிடித்துக்கொண்டு உப்பாகப் படிந்துவிடும். அதனால் அவர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கிவிட்டு சிலிகேட்டை வைத்துக்கொண்டார்கள். ஜப்பானில் பெரும்பாலும் மென்னீர், பாஸ்பேட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். கொரியர்களும் இதே வழி. இப்போது நம் தெருவில் ஓடுகிற வண்டிகளை எண்ணிப் பாருங்கள். சுசுகி, ஹூண்டாய், டொயோட்டா, கியா, ஹோண்டா. பெரும்பாலும் மென்னீர் நாட்டில் யோசித்த கூலன்ட் கேட்கிற வண்டிகள். அதில் நாம் ஊற்றுவதோ போர் தண்ணீர்.

இந்தத் தண்ணீர் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கணக்கு போடலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி லிட்டருக்குக் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடினத்தன்மை 200, பொறுத்துக்கொள்ளும் எல்லை 600. குளோரைடு 250, எல்லை 1,000. இது மனிதன் குடிக்க. இன்ஜினுக்கு? கனரக இயந்திரங்கள் செய்கிற கேட்டர்பில்லர் கம்பெனி தன் இன்ஜின்களுக்குக் கொடுத்த உச்ச அளவு: மொத்த உப்பு 340, கடினத்தன்மை 170, குளோரைடு வெறும் 40. நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம் என்று அரசாங்கமே சொல்கிற தண்ணீரில், இன்ஜின் பொறுத்துக்கொள்வதைவிட ஆறு மடங்கு குளோரைடு இருக்கலாம். அலுமினியத்தில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை போடுவது இந்தக் குளோரைடுதான். பாத்ரூம் குழாயிலும் ஹீட்டர் காயிலிலும் வெள்ளையாகப் படிகிறதே, அது இன்ஜினுக்குள் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியும் படியும். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே சூடு வெளியே வரத் தடுமாறும்.

ஆகவே "நல்ல பிராண்ட் கூலன்ட்தான் சார் ஊத்துனேன்" என்பதில் பாதிதான் பதில். அதோடு கலந்த பாதி எங்கிருந்து வந்தது? பேட்டரி கடையிலும் பல பெட்ரோல் பங்குகளிலும் டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்), டிஸ்டில்ட் வாட்டர் என்று கேன் கேனாக விற்கிறார்கள், விலையும் பெரிதில்லை. வாங்கும்போது லேபிளைப் படித்து வாங்குங்கள், அதே அலமாரியில் பேட்டரி ஆசிட் கேனும் நிற்கும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் அவசரத்துக்குப் பரவாயில்லை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு. உப்பு இருக்காதுதான், ஆனால் காயிலின் தூசியையும் பாசியையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர் அது, நான் ஊற்ற மாட்டேன். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் கலந்தே வருகிற ப்ரீமிக்ஸ் வாங்கிவிடலாம். லிட்டர் கணக்கில் பார்த்தால் பாதித் தண்ணீருக்குக் காசு கொடுப்பதுதான், ஆனால் அது நல்ல தண்ணீர்.

கூலன்ட்டால் வந்த வம்புக் கதை ஒன்று. 1995 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகளில் டெக்ஸ்கூல் என்ற ஓஏடி கூலன்ட்டை ஊற்ற ஆரம்பித்தது. ஐந்து வருஷத்துக்குத் தொடவே வேண்டாம் என்பதுதான் விளம்பரம். சில வருஷங்களில் புகார்கள் குவிந்தன: ரேடியேட்டருக்குள் துருச்சேறு, இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிவு. வழக்கு கோர்ட்டுக்குப் போய் 2008-இல் சமரசத்தில் முடிந்தது. கூலன்ட்டில் இருந்த ஒரு கரிம அமிலம் சில கேஸ்கட் பிளாஸ்டிக்கை மென்மையாக்கிவிட்டது என்பது ஒரு குற்றச்சாட்டு. இன்னொன்று நமக்கு அதிகம் பொருந்துவது. அளவு குறைந்து உள்ளே காற்று புகுந்த வண்டிகளில்தான், அதிலும் இரும்பு பிளாக் இருந்தவற்றில்தான், சேறு அதிகம் கட்டியது. "ஐந்து வருஷம் தொட வேண்டாம்" என்றதை ஆட்கள் "ஐந்து வருஷம் மூடியைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டார்கள். நீண்டநாள் கூலன்ட் என்பது மாற்றுகிற இடைவெளிதான் நீளம். அளவு பார்க்கிற இடைவெளி எப்போதும்போல மாதம் ஒருமுறைதான்.

இனி, ஒன்றோடு மற்றதைக் கலப்பது. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகனின் ஜி11-ஓடு ஜி12 கலந்த வண்டிகளில் கூலன்ட் பழுப்புக் குழம்பாகிப்போன கதை பிரசித்தம். பிறகு வந்த ஜி12 பிளஸ் வகைகளைக் கலந்தாலும் பிரச்சினை வராதபடி செய்தார்கள். எல்லாக் கலவையும் உடனே குழம்பாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நடப்பது இன்னும் அமைதியானது: இரண்டு வகைத் தடுப்புகளும் தேவையான அளவுக்குக் கீழே நீர்த்துப்போய், ஐந்து வருஷக் கூலன்ட் இரண்டு வருஷக் கூலன்ட்டாகச் சுருங்கிவிடும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று கேனில் போட்டிருப்பதை ஊற்றினாலும் கணக்கு இதேதான். அவசரத்துக்கு அரை லிட்டர் கலந்துவிட்டால் தலை போய்விடாது. அடுத்த சர்வீஸில் முழுக்க மாற்றிவிடுங்கள்.

சரி, கடையில் என்ன பார்ப்பது? கையேட்டில் உங்கள் வண்டிக்கான வகையைப் பார்த்துக்கொண்டு போங்கள். கேனின் பின்பக்கம் தரக்குறியீடு இருக்கும்: நம் ஊரின் ஐ.எஸ். 5759, ஜப்பானின் ஜேஐஎஸ் கே 2234, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி3306, கனரக டீசல் என்றால் டி6210. குறியீடே இல்லாமல் வெறுமனே "ஹை பெர்ஃபார்மன்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அப்புறம் கலக்கும் விகிதம். 1:1, 1:2, 1:3 என்று கேனுக்குக் கேன் வேறுபடும். 1:3 என்று போட்ட கேனை அந்தக் கணக்கில் கலக்கலாம், நம் தட்பவெப்பத்துக்காக அதற்கேற்ற தடுப்போடு செய்தது. 1:1 என்று போட்ட கேனை "நம்ம ஊருக்கு எதுக்கு அவ்வளவு" என்று 1:3 கலந்தால் துருத்தடுப்பு பாதியாகிவிடும். பனி இல்லாத ஊர் என்பதால் துருவும் இல்லை என்று ஆகிவிடுமா?

சாயத்தண்ணீரைக் கூலன்ட் என்று விற்பதும் நடக்கிறது. வீட்டிலேயே கண்டுபிடிக்க இரண்டு வழி. எத்திலீன் கிளைக்கால் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் கெட்டிக் கூலன்ட் 1.1 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், பாதிக்குப் பாதி ப்ரீமிக்ஸ் 1.07 கிலோவை ஒட்டி. காலிக் கேனின் எடையைக் கழித்துவிட்டு எலக்ட்ரானிக் தராசில் சரியாக ஒரு கிலோ காட்டினால் நீங்கள் வாங்கியது தண்ணீர். இன்னொன்று, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால்வாசி ஊற்றி, இறுக மூடி, மேலே "விஷம்" என்று எழுதி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 வரை போகும். பாதிக்குப் பாதி கலவை திரவமாகவே இருக்கும், மூன்றில் ஒரு பங்கு கலவை கூழ் மாதிரி ஆகலாம், சாயத்தண்ணீர் கல்லாகிவிடும். டப்பாவைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள், குப்பையில் போடுங்கள்.

பராமரிப்பில் எனக்குப் பெரிதாகப் படுவது மாற்றுகிற முறை. பட்டறைகளில் வழக்கமாக நடப்பது இது: அடியில் இருக்கிற பிளக்கைத் திறப்பார்கள், பழையது வடியும், ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள், மறுபடி வடித்துவிட்டு ப்ரீமிக்ஸை ஊற்றுவார்கள். எல்லாம் சரிபோலத்தான் தெரியும். ஆனால் 5 லிட்டர் பிடிக்கிற வண்டியில் ரேடியேட்டர் பிளக் வழியாக 3 லிட்டர் வடிந்தால், 2 லிட்டர் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும். கழுவிய பிறகு தங்கியிருக்கிற அந்த 2 லிட்டர், குழாய்த் தண்ணீர். அதன்மேல் பாதிக்குப் பாதி ப்ரீமிக்ஸ் 3 லிட்டர் ஊற்றினால் மொத்தத்தில் கிளைக்கால் 1.5 லிட்டர், அதாவது 30 சதவீதம்தான். கேனில் 50 என்று இருக்கும், உள்ளே 30 இருக்கும், கூடவே 2 லிட்டர் போர் தண்ணீரின் உப்பும். சரியான வழி, கடைசியாக ஒருமுறை டிஎம் வாட்டர் விட்டு இன்ஜினை ஓட்டி வடித்துவிட்டு, மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது 2.5 லிட்டர் கெட்டிக் கூலன்ட்டை முதலில் ஊற்றி மிச்சத்தை டிஎம் வாட்டரால் நிரப்புவது. கொள்ளளவு கையேட்டில் இருக்கும். இதற்கு அரைமணி நேரம் கூடுதலாக ஆகும், மெக்கானிக் முனகுவார், டிஎம் வாட்டரை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

ஊற்றியதும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர்லாக் இருந்தால் இன்ஜின் ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும், சென்சார் காற்றில் நின்றுகொண்டு ஒன்றுமில்லை என்று சொல்லும். ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, வண்டியின் மூக்கைக் கொஞ்சம் மேட்டில் நிறுத்தி, ப்ளீடர் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை ஓட்டி, ஆறியபின் அளவு பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் ரிசர்வ் டேங்க்கில் கொஞ்சம் இறங்குவது சகஜம்.

டாஷ்போர்டை ரொம்ப நம்பாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்ன மாருதிகள் பலவற்றில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல லைட், கொதித்தால் சிவப்பு லைட், நடுவில் எதுவும் இல்லை. முள் இருக்கிற வண்டிகளிலும் பலவற்றில் வேண்டுமென்றே அதை மந்தமாக வைத்திருப்பார்கள், பெரிய வித்தியாசம் வரும்வரை நடுவிலேயே நிற்கும். சிவப்பு எரிந்தபின் "பக்கத்துலதான் பட்டறை" என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். பிறகு லேத்தில் ஃபேசிங், ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்பு), கூலி என்று கணக்கு வேறு மாதிரி போகும். நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 110 டிகிரியில் அழுத்தத்தோடு இருக்கிற திரவம் மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்துக்கே வரும். அரைமணி நேரமாவது பொறுங்கள்.

மாதம் ஒருமுறை ஆறிய வண்டியில் ரிசர்வ் டேங்க் கோட்டைப் பார்ப்பதோடு, மூடியின் அடியிலும் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். செம்பழுப்புப் பிசுக்கு என்றால் துரு. எண்ணெய் மினுமினுத்தால், அல்லது ஆயில் ஸ்டிக் வெளுத்துக் குழைந்திருந்தால், ஹெட் கேஸ்கட் பக்கம் போக வேண்டிய விஷயம். வெளியே எங்கும் சொட்டு இல்லாமல் அளவு மட்டும் இறங்கினாலும் அதே சந்தேகம்தான். வண்டிக்குள் இனிப்பாக ஒரு வாசனை, உள்பக்கக் கண்ணாடியில் பிசுபிசுப்பு என்றால் ஹீட்டர் கோர் (வண்டியின் உள்பக்கத்தைச் சூடாக்குகிற குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது. ஹோஸ் இணைப்பிலும் வாட்டர் பம்ப்பின் அடியிலும் காய்ந்த பொருக்கு தெரிந்தால் அங்கே மெதுவாகக் கசிவு.

இரண்டு நாட்டு வைத்தியங்கள். ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது: நடுவழியில் பட்டறை போய்ச் சேர அது உதவும்தான், தூள் ஊறி ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சள் தூளுக்குத் தெரியாது; இப்போதைய அலுமினிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய் அடைக்கும். இன்னொன்று, "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடுங்க, நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையே இல்லை" என்பது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை திரவத்தை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் அது பைபாஸ் வழியையும் சேர்த்து அடைக்கிற வேலை செய்கிறது. கழற்றிவிட்டால் பாதித் திரவம் ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றும், வண்டி முன்னைவிடக் கூடுதலாகச் சூடாகும்.

லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. வெட் லைனர் (வெளிப்பக்கம் கூலன்ட் நேராகப் படுகிற சிலிண்டர் உறை) டீசல் இன்ஜினில் ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும், அந்த அதிர்வில் வெளிப்பக்கத் திரவத்தில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி உடையும். உடைகிற வேகத்தில் இரும்பையே கொத்தி எடுத்துவிடும். நாளடைவில் லைனரில் ஊசி ஓட்டை விழுந்து தண்ணீர் ஆயிலில் இறங்கும். கனரகக் கூலன்ட்டில் நைட்ரைட், மாலிப்டேட் மாதிரியான ரசாயனங்கள் சேர்ப்பது லைனரின்மேல் ஒரு காப்புப் படலம் கட்டத்தான். கார் கூலன்ட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று லாரியில் ஊற்றினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. வெறும் தண்ணீரில் ஓட்டினால் சொல்லவே வேண்டாம். ஆர்15, டியூக் மாதிரித் தண்ணீரில் குளிரும் பைக்குகளுக்கு ஒரு லிட்டர் அளவில்தான் பிடிக்கும், வாட்டர் பம்ப் சீலும் சின்னது. சிலிகேட் இல்லாத வகையைத் தேடி வாங்குங்கள். மின்சார வண்டிகளில் பேட்டரியைச் சுற்றி ஓடுகிற கூலன்ட் சிலவற்றில் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்துகிற தனி வகை. அதில் பழைய பழக்கத்தில் கடைக் கூலன்ட்டை டாப்-அப் செய்யாதீர்கள், கம்பெனி சொன்னது மட்டும்தான்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கவிழ்ப்பதுதான் நம் வழக்கம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், தெருநாய் நக்கும். உடம்புக்குள் போனால் ஆக்சாலிக் அமிலமாக மாறி சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். மனிதருக்கும் இதேதான், உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு, தள்ளிப்போட்டால் டயாலிசிஸ். பழையதைக் கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்கிற சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். மீந்த புதுக் கூலன்ட்டை, டாப்-அப்புக்கு வசதி என்று ஒரு லிட்டர் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கார் கதவில் செருகி வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. பிங்க்கும் நீலமும் குழந்தைகளுக்கு ஜூஸ் நிறம். அது வந்த கேனிலேயே மூடி டிக்கியில் வையுங்கள்.